குழி எடுக்கும் மிஷின்: பிட் கொளுவி நிற்கும் அந்த ஒரு நொடி

ஆனி, ஆடி மழை விட்டதும் குமரி மாவட்டத்தில் வேலி போடுவதும் கன்று நடுவதும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி கையில் பிடித்துக் குழி எடுக்கும் பெட்ரோல் மிஷினைப் பற்றியவை. அதன் அடியில் சுற்றி மண்ணைத் துளைக்கும் திருகுதான் பிட்; அது மண்ணுக்குள் சிக்கி நிற்பதைத்தான் கொளுவுவது என்கிறோம். மார்த்தாண்டத்தில் என் பணிமனைக்கு இந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு மணிக்கட்டில் கட்டு இருக்கிறது. அதனால் புல்வெட்டி, மருந்தடிக்கும் மிஷின் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இந்தப் பக்கங்கள் முழுவதையும் இதற்கே கொடுக்கிறேன்.

"ரப்பர் விளையின் எல்லையில் சிமெண்ட் கால் நட 52 சிசி மிஷினும் 8 அங்குல பிட்டும் வாங்கினேன் அண்ணே. முதல் நாளே ஒரு குழியில் பிட் டக்கென்று நின்றது. மிஷின் திரும்பி இடது இடுப்பில் இடித்தது. வலது மணிக்கட்டு வீங்கி ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. இனி இரண்டு பேராகப் பிடிக்கலாமா? இல்லை, விற்றுவிடவா?" – வாசகர், அருமனை

விற்கவும் வேண்டாம், இரண்டு பேராகப் பிடிக்கவும் வேண்டாம் தம்பி. அந்த ஒரு நொடியில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், எங்கே நிற்க வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் தானாக விளங்கும்.

மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள்ளின் திசையில் சுற்றுகிறது. வேரிலோ கல்லிலோ அது கொளுவி நின்றாலும் என்ஜின் நிற்பதில்லை. கீழே சுற்ற வழியில்லாத விசை, மேலே இருக்கும் மிஷினை எதிர்த் திசையில் சுற்றப் பார்க்கும். அப்போது இடது கையிலுள்ள பிடி உங்கள் வயிற்றை நோக்கி வரும், வலது கையிலுள்ள பிடி உங்களைவிட்டு விலகி ஓடும். இடது இடுப்பில் இடியும் வலது மணிக்கட்டில் வீக்கமும் வந்தது இதனால்தான்.

விசையின் அளவையும் சொல்கிறேன். 52 சிசி மிஷின்கள் பலவற்றில் கியர் விகிதம் 40-க்கு 1-ஐ ஒட்டி இருக்கும். என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால் பிட் 150 சுற்று, அதாவது நொடிக்கு இரண்டரைச் சுற்று. வேகம் இப்படிக் குறைகிற அளவுக்கு முறுக்கு விசை கூடிவிடும். பிட் நின்றது நமக்கு உறைத்து, விரல் ஆக்சிலேட்டரை விடுவதற்குள் ஐந்தில் ஒரு நொடியாவது போய்விடும். கையில் பிடி இறுக்கமாக இல்லையென்றால் அதற்குள் மிஷின் அரைச் சுற்று சுற்றிவிடலாம். ஆகவே, 'நின்றதும் விட்டுவிடுவேன்' என்ற நம்பிக்கையோடு யாரும் இதைப் பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு குழியிலும் அடி வரும் என்று நினைத்தே நிற்க வேண்டும்.

கால் இரண்டையும் தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக அகட்டி வையுங்கள். மிஷினை உடம்போடு ஒட்டி வையுங்கள். இடது பிடிக்கும் இடது தொடைக்கும் நடுவில் இடம் விட்டால், அந்த இடைவெளிக்குள் பிடி வேகம் எடுத்து வந்துதான் இடிக்கும். முன்பே தொடையில் சாய்ந்திருந்தால் இடிக்காது, தள்ளும். தள்ளுவதை உடம்பு தாங்கும். முழங்கை கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். நீட்டிய கையில் வருகிற உதறல் நேரே தோள்பட்டைக்குப் போகும். கட்டைவிரல் பிடியைச் சுற்றி வர வேண்டும். நான்கு விரலால் மட்டும் பிடிக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது வேர். உங்கள் விளை பழைய ரப்பர் வெட்டி மறுபடி நட்ட இடமாக இருக்க வேண்டும். மரம் போய் வருடங்கள் ஆனாலும் பக்கவேர் மேல்மண்ணிலேயே கிடக்கும். அயனி, பலா, கொல்லாமாவு (முந்திரி) நின்ற இடமும் அப்படித்தான். குழி எடுக்கிற இடத்தில் முதலில் பாரையை (கடப்பாரை) நாலைந்து தடவை இறக்கிப் பாருங்கள். கையில் வரும் அதிர்வே வேரா கல்லா என்று சொல்லிவிடும். வேர் என்றால் மம்பட்டியால் மேல்மண்ணை நீக்கி, வெட்டுகத்தியால் அறுத்துவிட்டு மிஷினை வையுங்கள். கல் என்றால் கால் நடும் இடத்தை அரை அடி தள்ளுங்கள். வேலி சற்று வளைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மிஷினை அழுத்தாதீர்கள். பிட்டின் திருகே அதை மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும். நாலு அங்குலம் இறங்கியதும் தூக்குங்கள், மண் வெளியே வரட்டும், மறுபடி இறக்குங்கள். ஒரே மூச்சில் ஒன்றரை அடி இறக்கினால் மண் பிட்டைச் சுற்றி இறுகிவிடும். அப்புறம் வேர் இல்லாமலே கொளுவும். ஆக்சிலேட்டர், கிளட்ச் முழுதாகப் பிடித்துச் சுற்றுகிற அளவுக்குப் போதும். பிட் கொளுவும்போது என்ஜின் எவ்வளவு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு கடுமையாக அடி விழும்.

இரண்டு பேர் பிடிக்க வேண்டாம் என்றதற்குக் காரணம், இது ஒரு ஆளுக்கென்று செய்த பிடி. ஆக்சிலேட்டர் ஒருவர் கையில்தான் இருக்கும். மற்றவருக்கு எப்போது நிறுத்தப் போகிறார்கள் என்று தெரியாது. இரண்டு ஆளுக்கான மிஷின் தனியாக வருகிறது. அதில் நாலு பக்கமும் நீண்ட பிடி உண்டு. நம்ம ஊர் சரளை மண்ணில் 8 அங்குலத்துக்கு மேல் தனியாளாக ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 12 அங்குல பிட் கடையில் கிடைக்கும்; விற்கிறவர் 'எல்லாம் இழுக்கும்' என்பார். மிஷின் இழுக்கும், உங்கள் கை இழுக்குமா என்பதுதான் கேள்வி.

மணிக்கட்டு வீக்கம் வற்றியும் வலி நிற்கவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். கட்டைவிரலின் அடிப்பக்கம் இருக்கும் சின்ன எலும்பில் விரிசல் விட்டால் சுளுக்கு மாதிரியே இருக்கும். எண்ணெய் தடவி நாள் கடத்தக் கூடாது.

"என் வீட்டுக்காரர் கூலிக்குக் குழி எடுத்துக் கொடுக்கிறார். சாரத்தை (லுங்கி) மடித்துக் கட்டி, கழுத்தில் துவர்த்து (துண்டு) போட்டு, செருப்பு இல்லாமல்தான் வேலை. பேன்ட் போடச் சொன்னால் 'வெயிலில் வேகும்' என்கிறார். நானும் கூடப் போய்க் குழியைச் சுற்றி விழும் மண்ணைக் கையால் வாரி விலக்குவேன். சாரத்தை இறுக்கி மடித்துக் கட்டினால் போதாதா அண்ணன்?" – வாசகி, திருவட்டாறு

போதாது தங்கச்சி. மடித்துக் கட்டிய சாரம் குனிந்து நிமிரும்போது அவிழும், அதை நாம் எல்லோரும் நாளும் பார்க்கிறோம். பிட்டின் விளிம்பில் துணியின் ஒரு முனை மாட்டினால் அது சுருட்டிக்கொண்டு காலையும் சேர்த்து இழுக்கும். கழுத்துத் துவர்த்து அதைவிட மோசம். குனிந்து நிற்கும்போது அதன் முனை நேரே பிட்டின் மேல்தான் தொங்கும். பேன்ட் வேகும் என்றால் முழங்காலுக்குக் கீழே ஒட்டி நிற்கும் பழைய டிராக் பேன்ட் போதும். தலையில் துவர்த்து கட்டலாம், முனையை உள்ளே செருகிக் கட்டச் சொல்லுங்கள். காலுக்கு முன்பக்கம் கெட்டியான ஷூ வேண்டும். குழி முடியும் தறுவாயில் தூக்கும்போது பிட்டின் நுனி பாதத்துக்குப் பக்கத்தில்தான் வரும்.

இனி உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பயம் தந்தது அவருடைய சாரம் இல்லை, நீங்கள் மண் வாரும் விஷயம். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, பிட் நின்றிருந்தால்கூட, அதன் பக்கத்தில் கை போகக் கூடாது. கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சும்மா ஓடும்போதே பிட் திரும்பும். அவர் என்ஜினை அணைத்து மிஷினைக் குழியிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்த பிறகு, மம்பட்டியால் மண்ணை விலக்குங்கள். அதுவரை பத்தடி தள்ளி நில்லுங்கள். சேலை முந்தானையைச் செருகி, முடியைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம்.

ஒருவேளை துணி மாட்டிக்கொண்டால் முதலில் என்ஜின் நிற்க வேண்டும். அவரைப் பிடித்து இழுக்கக் கூடாது. மிஷினில் அணைக்கும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே அவரிடம் கேட்டு, உங்கள் கையால் ஒருமுறை அணைத்துப் பழகுங்கள். கூட நிற்கிற ஒருவருக்கு இது தெரிந்திருப்பது பெரிய காவல்.

காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் என்ஜின் பக்கத்தில் சத்தம் 100 டெசிபலை ஒட்டி இருக்கும். அந்தச் சத்தத்தைக் காப்பு இல்லாமல் ஒரு நாளில் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்டால் காது கெடத் தொடங்கும். நாள் முழுக்கக் கூலிக்கு ஓட்டுகிறவருக்குக் காதில் செருகும் நுரை அடைப்பானாவது கட்டாயம் வேண்டும், கண்ணாடியும் வேண்டும். சாயங்காலம் விரல் மரத்துப்போகிறது, நுனி வெளுக்கிறது என்று சொன்னால் அது அதிர்வால் வருவது. கையுறை போட்டு, ஒவ்வொரு சில குழிக்கும் ஒரு முறை கையை ஓய்வெடுக்க விடச் சொல்லுங்கள். வெளுப்பு தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

"மிஷின் வாடகைக்கு எடுக்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?" – வாசகர், கருங்கல்

கடையிலேயே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். பிட்டைத் தரையில் தொடாமல் தூக்கிப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்ட நிலையில் பிட் அசையாமல் நிற்க வேண்டும். சுற்றினால் அந்த மிஷினை எடுக்காதீர்கள். ஆக்சிலேட்டரை அழுத்தி விட்டால் அது தானே திரும்பி வர வேண்டும். சுவிட்சைத் தட்டினால் உடனே அணைய வேண்டும்; சோக்கை இழுத்து அணைத்துக் காட்டினால் சுவிட்ச் கெட்டிருக்கிறது என்று பொருள்.

பிட்டை மிஷினோடு சேர்க்கும் பின்னைப் பாருங்கள். ஒழுங்கான பின்னும் அதன் கிளிப்பும் இருக்க வேண்டும். பல மிஷினில் ஆணியோ நீளமான போல்ட்டோ அடித்து வைத்திருக்கிறார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனையில்தான் துணி மாட்டுகிறது. இன்னொன்று, நம்ம பக்கத்தில் ரப்பர் டியூப் கிடைக்கிறது என்பதால் ஆக்சிலேட்டரை அழுத்திய நிலையிலேயே டியூபால் கட்டி வைக்கிற வழக்கம் பரவியிருக்கிறது. விரல் வலிக்காது என்கிறார்கள். பிட் கொளுவும் நேரத்தில் உங்களைக் காப்பாற்றுகிற ஒரே விஷயம் விரலை எடுத்ததும் வேகம் குறைவதுதான். அதைக் கட்டிப்போட்ட மிஷினை யார் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

ஆழம் போதாது என்று நீட்டுக் கம்பி தந்தால், முதலில் வெறும் பிட்டால் முழு ஆழம் எடுத்துவிட்டு, என்ஜினை அணைத்து, அப்புறம் கம்பியைச் சேருங்கள். தொடக்கத்திலேயே சேர்த்தால் பிடி நெஞ்சுக்கு மேலே வந்துவிடும், அந்த உயரத்தில் எதையும் அடக்க முடியாது.

பத்துப் பன்னிரண்டு குழிதான் என்றால் வாடகையே வேண்டாம். பாரையும் மம்பட்டியும் போதும்.

"வெட்டுக்கல் பூமியில் இரண்டடி ஆழத்தில் பிட் மாட்டிக்கொண்டது. என்ஜினை முறுக்கி முறுக்கிப் பார்த்தும் வரவில்லை. ஜேசிபிதான் கூப்பிட வேண்டுமா?" – வாசகர், குலசேகரம்

முறுக்கியதை நிறுத்துங்கள். கியர் பாக்ஸ் பல் உடைவதும் ஆளுக்கு அடி விழுவதும் இந்த நேரத்தில்தான். என்ஜினை அணைத்து, பிளக் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். பிட் திருகி உள்ளே போனது போல, எதிர்த் திசையில் திருகினால் வெளியே வரும். இரண்டு பேராக மிஷின் முழுவதையும் இடது பக்கமாகக் கையால் திருப்புங்கள். அசையவில்லை என்றால் பின்னை எடுத்து மிஷினைக் கழற்றிவிட்டு, பிட்டின் தண்டில் பெரிய பைப் ரெஞ்சு போட்டுத் திருப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் பக்கத்தில் பாரையால் ஒரு குழி எடுத்து மண்ணைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி ஊற விடுங்கள். குனிந்த முதுகோடு நேராக மேலே இழுக்கவே கூடாது, நடுமுதுகு போய்விடும்.

இனிமேல் வெட்டுக்கல் இடத்தில் முந்தின நாளே குறியிட்ட இடங்களில் பாரையால் சின்னப் பள்ளம் குத்தித் தண்ணீர் நிரப்பி வையுங்கள். மழைக்கு மறுநாள் வேலை வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் சரிவான பொற்றையில் (குன்று) ஈரம் இருந்தால் கால் வழுக்கும்; மம்பட்டியால் இரண்டு கால் வைக்கிற அளவுக்குத் தட்டு வெட்டி, அதில் நின்று எடுங்கள். ஏலாவில் (வயல்) இருக்கும் களிமண் வேறு கதை. அது பிட்டில் அப்பிக்கொள்ளும், அடிக்கடி என்ஜினை அணைத்துச் சுரண்ட வேண்டும்.

"பெட்ரோலில் எவ்வளவு ஆயில்?" – வாசகர், தக்கலை

மிஷினோடு வந்த புத்தகத்தில் இருப்பதுதான் சரி. 25-க்கு 1 என்று இருந்தால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை உறிஞ்சும். ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். சூடான என்ஜினில் ஊற்றாதீர்கள், பத்து நிமிடம் ஆறட்டும். ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வந்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைத்து விளைக்குக் கொண்டுபோகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், அது வேண்டாம். வெயிலில் தாகத்தோடு வருகிற பிள்ளை அதை எடுத்துக் குடித்துவிடும்.

"வீட்டைச் சுற்றித் தென்னை வைக்க வேண்டும். கிணற்று மோட்டாருக்கு வயர் மண்ணுக்கு அடியில்தான் போகிறது, எந்த வழி என்று நினைவில்லை. மிஷினால் குழி எடுக்கலாமா?" – வாசகர், தோவாளை

தென்னைக்கு மூன்றடி நீள, அகல, ஆழக் குழி வேண்டும். ரப்பருக்கு 75 சென்டிமீட்டர் அளவில் சதுரக் குழி சொல்கிறார்கள். இந்த மிஷின் எடுப்பது ஓரடி அகலம்கூட வராத குழி. பக்கத்துப் பக்கத்தில் நாலு குழி எடுத்து ஒன்றாக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள்; பழைய குழியின் வெற்றிடத்துக்குள் பிட் சரிந்து மிஷின் ஒரு பக்கமாகப் பிடுங்கும். வேலிக்கால், நல்லமிளகுக்குத் தாங்கு கால், வாழைக்கு முட்டுக்கால், இவைதான் இதற்கேற்ற வேலை. தென்னைக்கு ஆள் வைத்து எடுங்கள்.

ஆள் வைத்து எடுத்தாலும் வயர் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது. மீட்டர் பெட்டியிலிருந்து கிணறு வரை ஒரு கயிறு பிடித்துப் பாருங்கள். வயர் பதித்தவர்கள் பெரும்பாலும் குறுக்கு வழியில்தான் போயிருப்பார்கள். பதித்த எலக்ட்ரீஷியன் ஊரிலேயே இருந்தால் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். வழி தெளிவாகத் தெரியும் வரை அந்தப் பக்கம் மிஷின் வைக்கக் கூடாது. வேலை தொடங்கும் முன் மோட்டாரின் மெயினை அணைத்து ஃபியூஸ் கட்டையையும் எடுத்து உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் யாராவது தண்ணீருக்காகத் தெரியாமல் போட்டுவிடுவார்கள். பிடியில் இருக்கும் ரப்பர் உறை மின்சாரத்திலிருந்து காக்காது. பிட் வயரைத் தொட்டுவிட்டதென்று சந்தேகம் வந்தால் மிஷினைக் கையைவிட்டுவிட்டு, கால்களைச் சேர்த்துச் சிறு சிறு அடியாக விலகி வாருங்கள். தெரு ஓரம் என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். ரோட்டோரத்தில் குடிநீர்க் குழாயும் தொலைபேசிக் கேபிளும் இருக்கும், பஞ்சாயத்தில் கேட்காமல் அங்கே இறக்காதீர்கள். கழிவுநீர்த் தொட்டியின் பக்கமும் வேண்டாம்.

"நாங்கள் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிகள். விடியும் முன்பே தலையில் லைட் கட்டிப் போவோம். விளையில் மிளகுக் காலுக்கென்று குழி எடுத்துவிட்டு நாள்கணக்கில் திறந்தே போட்டிருக்கிறார்கள். கூட வந்தவர் காலை விட்டு விழுந்துவிட்டார். முதலாளியிடம் எப்படிச் சொல்வது?" – வாசகர், கடையால்

இந்தக் கடிதத்துக்குப் பதில் முதலாளிகளுக்குத்தான் எழுத வேண்டும். பால்வெட்டுகிறவரின் தலை லைட் மரத்தின் பட்டையில் விழும், தரையில் விழாது. மிஷின் எடுக்கும் குழியோ கால் மட்டும் நுழைகிற அகலம், முழங்கால் தாண்டும் ஆழம். நடந்து போகிற வேகத்தில் உள்ளே இறங்கினால் எலும்பு முறியும். மேலே சருகு விழுந்து மூடியிருந்தால் பகலில்கூடத் தெரியாது. அன்றைக்கு எத்தனை கால் நட முடியுமோ அத்தனை குழி மட்டும் எடுங்கள். மிஷின் வாடகை மிச்சமாகட்டும் என்று மொத்தமாக எடுப்பதுதான் இதற்கெல்லாம் காரணம். அப்படி மிஞ்சினால் வெளியே வந்த மண்ணையே உள்ளே தள்ளி நிரப்பி, ஒரு கம்பை நட்டு அடையாளம் வையுங்கள். மண் இளகியே இருக்கும், மறுபடி கையாலேயே எடுத்துவிடலாம்.

தம்பி, நீங்கள் முதலாளியிடம் விழுந்தவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்ச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தைக் கையில் கொண்டுபோங்கள். மூடும் வரை அந்த வரிசை மரங்களை விடிந்த பிறகு வெட்டுகிறோம் என்று கேளுங்கள், இது நியாயமான கேள்வி. விழுந்தவருக்குத் தோல் கிழிந்து மண் பட்டிருந்தால் டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். கால் வீங்கி ஊன்ற முடியவில்லை என்றால் தூக்கி நடத்திக் கொண்டுவராமல், கம்பு வைத்துக் கட்டி 108-ஐக் கூப்பிடுங்கள். மலைப்பாதையில் வண்டி எதுவரை வரும் என்பதை முதலிலேயே பேசி, ரோடு வரை ஒரு ஆளை அனுப்பி நிறுத்துங்கள்.

அடுத்த இதழில் புல்வெட்டி. பிளேடு, நைலான் கயிறு பற்றிய கேள்விகளை இந்த மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள்.